அண்ணா, மறுபடியும் ஹெல்மெட் போட்டேன்

நார்விச்,
ஆகஸ்ட் 18, 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீங்கள், அண்ணி, அம்மா எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா?

வாராவாரம் போனில் பேசுகிறவன் எதற்குத் திடீரென்று காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இந்த விஷயம் முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் பட்டறை விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓட்டினேன் அண்ணா. 23 வருஷத்துக்கு அப்புறம்.

கடைசியாக ஓட்டியது 2001-இல், இருங்காட்டுக்கோட்டை டிராக்கில். மினி லாரியில் மாருதியைக் கட்டி ராத்திரி முழுக்க நீங்கள் சேலம், வேலூர் வழியாக ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். நான் பக்கத்தில் தூங்கினேன். அடுத்த வருஷம் அந்தக் காரை விற்றுத்தான் என் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் கொடுத்தீர்கள். கவிழ்ந்தால் ஆளைக் காக்கிற இரும்புக் குழாய்க் கேஜ் முதல் நீங்களே வெல்டு வைத்த கார். விற்ற அன்று நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஊருக்கு வந்து 22 வருஷம் ஆகியும் அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. ரேஸ் என்று யாராவது சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். நீங்கள் விட்டுக்கொடுத்ததை நான் இங்கே வந்து விளையாட்டாக எடுத்துச் செய்வது சரியில்லை என்று ஒரு எண்ணம். ஆனால் அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

போன செப்டம்பரில் பாப்பா யூனிவர்சிட்டிக்குப் போனதும் வீடு சத்தமில்லாமல் ஆகிவிட்டது. ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தால் பேச ஆளில்லை, என் வீட்டுக்காரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிறு ஏ11 ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். நம் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், அந்த ரோட்டை ஒட்டியே ஸ்னெட்டர்டன் என்ற ரேஸ் டிராக் இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த இடம் வந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவேன். அன்றைக்கு ஏற்றவில்லை. சின்ன இன்ஜின்கள், ஒன்றாக இருபது முப்பது, முழு ஆக்ஸிலரேட்டரில். சத்தம் கேட்டதும் கை தானாக இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது.

உள்ளே போய் நின்றால் எனக்குச் சோழவரம்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் என்னை முதன்முதலில் கூட்டிப்போனபோது எனக்கு 15 வயது. யுத்த காலத்து விமான ஓடுபாதையில் ரேஸ் விடுகிறார்கள் என்று நீங்கள் சொன்னதை நான் நம்பவே இல்லை. இந்த ஸ்னெட்டர்டனும் அப்படித்தான் அண்ணா. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர்களின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்துதான் ஜெர்மனிக்குப் பறந்திருக்கின்றன. யுத்தம் முடிந்து சில வருஷத்தில் கார்கள் வந்துவிட்டன. அதே தட்டையான நிலம், அதே மாதிரி நிழலே இல்லாத வெட்டவெளி. வெயிலுக்குப் பதிலாக எலும்புக்குள் போகிற கிழக்குக் காற்று, அது ஒன்றுதான் வித்தியாசம். இங்கே பேர்போன சில்வர்ஸ்டோன் டிராக்கும் பழைய விமானத் தளம்தான். நார்விச்சுக்குப் பக்கத்தில் ஹெத்தலில் லோட்டஸ் கார் ஃபேக்டரி இருக்கிறதே, அதுவும் அப்படித்தான். அந்த லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மன், பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்து மாற்றிக் கட்டி, 750 மோட்டார் கிளப்பின் ரேஸ்களில் ஓட்டி வளர்ந்தவர். 1939-இல் ஆரம்பித்த கிளப், இன்றைக்கும் சாதாரண ஆட்களுக்கு ரேஸ் நடத்துகிறது. மாருதி 800 இன்ஜினை வைத்து நம் கோயமுத்தூர் கரிவரதன் ஃபார்முலா ரேஸ் கார் கட்டியதை நீங்கள் எவ்வளவு பெருமையாகச் சொல்வீர்கள்! அதே ஜாதிதான் இவர்களும். கையில் இருப்பதை வைத்துக் கட்டு, ஓட்டிப் பார், உடைந்தால் மறுபடியும் கட்டு.

அங்கே நான் பார்த்தவர்கள் யாரும் பணக்காரர்கள் இல்லை. குழாய் வேலை செய்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார், அப்பாவும் மகளுமாக ஒரு காரை மாறி மாறி ஓட்டுகிறவர்கள். வேனுக்குப் பின்னால் டிரெய்லர், ஒரு துணிக்கூடாரம், ஒரு டீக் கெட்டில். கையெல்லாம் கிரீஸ். எனக்கு நம் பட்டறைக்குள் வந்த மாதிரி இருந்தது. 22 வருஷத்தில் இந்த நாட்டில் எந்த இடத்திலும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

மூன்று வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில் 5,500 பவுண்டுக்கு ஒரு கார் வாங்கினேன். மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் மாடல், 1992-இல் வந்தது. 1.6 லிட்டர், 115 குதிரைசக்தி, எடை ஒரு டன்னுக்கும் கீழே. ரேஸுக்கு ஏற்கெனவே கேஜ், சீட், பெல்ட் போட்டிருந்தார்கள். நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்ஜினின் கிராங்க் தண்டைப் பார்த்தேன் அண்ணா. 1991-க்கு முந்தைய இன்ஜின்களில் கிராங்கின் முன்முனை குட்டையாக இருக்கும், புல்லி போல்ட் தளர்ந்து சாவிப் பள்ளம் தேய்ந்துவிடும். இது அதற்குப் பிந்தையது. புல்லியைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், துளி ஆட்டமில்லை. துருதான் பெரிய தலைவலி. குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பு போடுகிறார்கள். அந்த உப்பு கதவுக்குக் கீழே இருக்கிற தகட்டை உள்ளிருந்தே தின்றுவிடுகிறது. கோயமுத்தூரில் 40 வருஷம் ஓடுகிற வண்டி இங்கே 15 வருஷத்தில் பொக்கையாகிவிடும். இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து நானே வெல்டு போட்டேன். முதல் பக்கம் கோணல். இரண்டாவது பக்கத்தை நீங்கள் பார்த்தால் திட்டமாட்டீர்கள்.

ரேஸ் லைசன்ஸ் புதிதாக எடுக்கவேண்டியிருந்தது. நம் ஊரில் ஓட்டியதெல்லாம் இங்கே கணக்கில் இல்லை. டாக்டர் பரிசோதனை, டிராக்கில் ஒரு இன்ஸ்ட்ரக்டரோடு ஓட்டிக்காட்ட வேண்டும், அப்புறம் எழுத்துப் பரீட்சை. அதில் கொடிகளைப் பற்றிய கேள்வி ஒன்று தப்பினாலும் ஃபெயில். லீவுக்கு வந்திருந்த பாப்பா கலர் பேப்பரை வெட்டிச் சமையலறை மேஜையில் வைத்துக் கேள்வி கேட்டாள். மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால்? ரோடு வழுக்குகிறது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம்? உன் வண்டியில் ஏதோ கோளாறு, ரிப்பேர் பார்க்கிற பிட்டுக்கு வா. பன்னிரண்டாம் வகுப்பில் நான் அவளிடம் கெமிஸ்ட்ரி கேட்ட மாதிரியே கேட்டாள். எல்லாம் சரியாக எழுதினேன்.

புது லைசன்ஸ்காரர்கள் காரின் பின்னால் மஞ்சள் கட்டத்தில் கறுப்புப் பெருக்கல் குறி ஒட்டவேண்டும். 53 வயதில் அதை ஒட்டினேன். எனக்கு அது பிடித்திருந்தது. பின்னால் வருகிறவருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது.

ரேஸ் அன்று காலை 6 மணிக்கெல்லாம் போய்விட்டோம். வீட்டுக்காரியும் வந்தாள். மழை. வண்டியைப் பரிசோதிக்கிறவர் பெல்ட், ஹெல்மெட், ஹெல்மெட்டோடு சேர்த்துக் கழுத்தைக் காக்கிற பட்டை (நம் காலத்தில் அதை நாம் கண்ணால் கூடப் பார்த்ததில்லை), பேட்டரியின் எர்த் ஒயரில் மஞ்சள் அடையாளம், எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னால் மழைக்கு எரிகிற சிவப்பு விளக்கு எரியவில்லை. அது இல்லாமல் விடமாட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பக்கத்து டிரெய்லர்காரர் 67 வயதுப் பெரியவர், அதே ரேஸில் எனக்கு எதிராக ஓட்டுகிறவர். தன் பெட்டியிலிருந்து ஒரு விளக்கை எடுத்துக் கொடுத்து, ஒயரைச் சீவி அவரே மாட்டியும் விட்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. அடுத்த வருஷம் வேறு யாருக்காவது கொடு என்றார்.

ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவுசெய்கிற குவாலிஃபையிங்கில் இரண்டாவது சுற்று. வில்சன் என்று ஒரு கொண்டை ஊசி வளைவு. செகண்ட் கியரில் திரும்பி வெளியே வருகிறேன், பின்பக்கம் மெதுவாக விலகுகிறது. மாருதியில் அப்படி விலகினால் பயந்து காலை எடுக்காதே, இன்னும் கொஞ்சம் மிதி, முன்சக்கரம் இழுத்து நேராக்கிவிடும் என்று எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்! 23 வருஷம் ஆகியும் என் கால் அதை மறக்கவில்லை அண்ணா. யோசிப்பதற்குள் மிதித்துவிட்டது. ஆனால் இந்தக் கார் பின்சக்கரத்தால் ஓடுகிறது. மிதித்த மிதியில் பம்பரமாகச் சுற்றி, வந்த பாதையைப் பார்த்து நின்றேன். இன்ஜின் நின்றுவிட்டது. மழைத் திரைக்குள்ளிருந்து ஹெட்லைட்டுகள் என்னைப் பார்த்து வருகின்றன. வளைவில் நின்ற மார்ஷல் அதற்குள் மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் வேகம் குறைத்து என்னைச் சுற்றிப் போனார்கள். அவர் கை காட்டினதும் ஸ்டார்ட் செய்து திருப்பி ஓட்டி முடித்தேன். 31 காரில் 28-ஆவது.

இறங்கியதும் கை நடுங்கியது. வேனில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டோம். அவள் ஒன்றும் கேட்கவில்லை, ஊறுகாயை மட்டும் என் பக்கம் தள்ளிவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் பிட் சுவர் மேல் நின்று கையைத் தாழ்த்திக் காட்டுவது ஞாபகம் வந்தது. "பொறு. அப்புறம் மிதி." ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, மார்க்கரால் தமிழில் ‘பொறு’ என்று எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டினேன். பக்கத்துப் பெரியவர் அது என்ன எழுத்து என்று கேட்டார். என் அண்ணனின் எழுத்து என்றேன். பொருள் சொன்னதும், எனக்கும் ஒன்று எழுதிக்கொடு என்றார். எழுதிக்கொடுத்தேன்.

மத்தியானம் மழை விட்டு ரோடு காய ஆரம்பித்திருந்தது. ரேஸ் கிளம்புவதற்கான சிவப்பு விளக்கு அணைந்தது. முதல் வளைவில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உரசிக்கொண்டு புல்லுக்குப் போனார்கள். நான் பொறுத்தேன், நடுவில் வழி திறந்தது. அதற்கப்புறம் எனக்குப் பயமே இல்லை. கண்ணாடி போட்டும் மீட்டர் முள் சரியாகத் தெரியவில்லை. ஆனால் மீட்டரே வேலை செய்யாத மாருதியில் காதை வைத்துத்தானே கியர் மாற்றப் பழக்கினீர்கள். இந்த இன்ஜினும் மேலே போனதும் ஒரு சுருதிக்கு வருகிறது, அப்போது மாற்றினால் சரியாக இருக்கிறது. கோரம் என்று ஒரு நீளமான வலது வளைவு இருக்கிறது, முடிவே இல்லாத மாதிரி வளைந்துகொண்டே போகும். அது முடிகிற இடத்தில் பிரேக் பிடித்து இடதுபக்கம் திரும்பவேண்டும். நாலாவது சுற்றில் அந்த முழு வளைவையும் ஸ்டியரிங்கை ஒரே நிலையில் பிடித்தபடி, காலை மட்டும் மயிரிழை ஏற்றி இறக்கிப் போனேன். டயர் லேசாகக் கீச்சென்றது, அதற்கு மேல் இல்லை. அண்ணா, நான் இங்கே வந்து 22 வருஷத்தில் முழுசாக நானாக இருந்த நேரம் அது.

6 சுற்று. 22-ஆவது ஆளாக முடித்தேன். முதலில் வந்தவரைவிடச் சுற்றுக்கு 6 செகண்டு பின்னால்தான். ஆனால் முடித்த பிறகு மெதுவாகத் திரும்பி வருகிற சுற்றில் என்ன நடந்தது தெரியுமா? ஒவ்வொரு வளைவிலும் ஆரஞ்சு உடையில் நிற்கிற மார்ஷல்கள் எல்லோரும், காலையிலிருந்து மழையில் நனைந்தவர்கள், சம்பளம் இல்லாமல் ஆசைக்காக வருகிறவர்கள், கையில் இருந்த கொடிகளையெல்லாம் ஆட்டிக் கைதட்டினார்கள். முதல் ஆளுக்கு மட்டுமில்லை, கடைசி ஆள் வரைக்கும். நானும் கையை வெளியே நீட்டி ஒவ்வொருவருக்கும் ஆட்டினேன். வில்சன் வளைவில் காலையில் என்னைக் காப்பாற்றியவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஹெல்மெட்டுக்குள் அழுதேன்.

நீங்கள் விற்றது காரை மட்டும்தான் அண்ணா. நீங்கள் கற்றுக்கொடுத்தது எல்லாம் என்னிடம் அப்படியே இருக்கிறது. இதை நான் 22 வருஷம் முன்னாலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ரேஸ் அக்டோபரில், பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கில். இந்த வருஷத்துக்கு அதோடு சரி, கையில் காசும் அவ்வளவுதான். ஆனால் அடுத்த வருஷம் ஜூனில் ஸ்னெட்டர்டனில் ஓட்ட நினைத்திருக்கிறேன். அப்போது ராத்திரி 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், குளிரும் இருக்காது. நீங்கள் வரவேண்டும். பட்டறையை மூன்று வாரம் பையன் பார்த்துக்கொள்வான். விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் நான் அனுப்புகிறேன். டிக்கெட் நான் எடுக்கிறேன், அதில் மட்டும் பேச்சு வேண்டாம். வரும்போது டயர் காற்று பார்க்கிற உங்கள் பழைய பித்தளை கேஜை எடுத்து வாருங்கள். இங்கே வாங்கின டிஜிட்டல் கேஜ் இரண்டும் இரண்டு கணக்குச் சொல்கின்றன.

இதோடு நாலு ஸ்பார்க் பிளக் போட்டோ வைத்திருக்கிறேன். மூன்றாவது மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. பார்த்துவிட்டு உடனே போன் பண்ணுங்கள். அம்மாவிடம் நீங்களே நல்ல நேரம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். சுற்றி நின்றதைச் சொல்லவேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் தம்பி
சின்னவன்