சான்றிதழில் இல்லாதவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். குடியரசு தினத்தன்று தூத்துக்குடி தருவை மைதானத்தில் கலெக்டர் கையால், கிராம நிர்வாக அலுவலரான (வி.ஏ.ஓ.) எனக்கு நற்சான்றிதழ் கிடைத்த போட்டோவைப் பார்த்து வாழ்த்து அனுப்பிய அத்தனை பேருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. அந்தச் சான்றிதழில் வெள்ள நிவாரணப் பணியைச் சிறப்பாகச் செய்ததற்காக என்று ஒரே ஒரு வரி, என் பெயர், கீழே கையெழுத்து, முத்திரை, அவ்வளவுதான். என்ன பணி, யார் யார் செய்தது என்பதற்கெல்லாம் அதில் இடம் கிடையாது. அதை இங்கே எழுதிவிடுகிறேன். பெயர் போடாதீங்க மேடம் என்று பல பேர் சொல்லிவிட்டதால் ஆளைச் சொல்லாமல் வேலையைச் சொல்கிறேன், யார் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி எங்கள் தலையாரி, அதாவது கிராம உதவியாளர் அண்ணாச்சிக்கு. 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, ஒரு பக்கம் தாமிரபரணி வெள்ளம், இன்னொரு பக்கம் உடைந்த குளங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்தது. தெருவில் முட்டளவு தண்ணீர் வந்ததும் அண்ணாச்சி, வீட்டுச் சாமான்களை மதினி பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டு நேரே ஆபீசுக்குப் போயிருக்கிறார். புல வரைபடங்களையும் அந்த வருவாய் ஆண்டின் (பசலி 1433) பயிர்க்கணக்கான அடங்கலையும் உரச்சாக்கில் திணித்து, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கோயில் மண்டப உத்திரத்தில் தொங்கவிட்டுவிட்டார். மறுநாள் ஆபீசுக்குள் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை, கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறதே என்று சொல்வதற்கு அங்கே கம்ப்யூட்டரும் இல்லை.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அந்த வருஷம் அதில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று சொல்வது அடங்கல்தான். நெற்பயிர் 33 சதவீதத்துக்கு மேல் அழிந்திருந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. எங்கள் பகுதியில் பாதி வயல்களின் பட்டா செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கிறது, பேரன் மும்பையில் இருக்கிறார், பிசான நெல் பருவத்துக்கு நாற்று நட்டவர் குத்தகைக்காரர். அடங்கல் நனைந்து போயிருந்தால் அந்தக் குத்தகைக்காரருக்குக் கையில் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சு மட்டும்தான். சாக்கில் தொங்கியது வெறும் காகிதம் இல்லை, அத்தனை குடும்பத்துக்கும் சேர வேண்டிய பணம்.

அப்புறம் சாக்கில் இடம் இல்லாமல் விடுபட்ட ‘அ’ பதிவேடு, அதாவது கிராமத்து நிலங்களின் புல எண், பரப்பு, உரிமையாளர் எல்லாம் இருக்கும் மூலப் பதிவேடு. அடி அலமாரியில் இருந்து எடுக்கும்போது சேற்றில் ஊறிய ரொட்டி போல இருந்தது. தாலுகா ஆபீசில் இன்னொரு படி உண்டு என்றாலும் அங்கேயும் அப்போது நிலைமை சரியில்லை. பள்ளிக்கூடத்து டீச்சரும் விடுமுறைக்கு வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலரும் மாடி வகுப்பில் உட்கார்ந்து, ஈர்க்குச்சியை நுழைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நடுவில் பழைய பேப்பர் வைத்து, பெஞ்சு பெஞ்சாகக் காயப் போட்டார்கள். வேகமாக இழுத்தால் மசியோடு சேர்ந்து வந்துவிடும், விட்டால் ஒட்டிக்கொள்ளும். கூப்பிட்டு யாரும் சொல்லவில்லை, தாங்களாகவே வந்தார்கள். டீச்சர், உங்களுக்கு நான் என்ன சொல்ல.

மேலத்தெரு தம்பி ஒருவன். பத்தாவது தாண்டவில்லை என்று அவனை எல்லாரும் திட்டுவார்கள். செத்த மாடுகளை உடனே புதைத்தாக வேண்டும், நாற்றம் தாங்காது, நோய் வரும். ஆனால் மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று நிவாரணம் வாங்க ஆதாரம் வேண்டுமே. புதைக்கும் முன்னே ஒவ்வொரு மாட்டின் காதிலிருந்தும் நம்பர் போட்ட மஞ்சள் அடையாள வில்லையை அறுத்தெடுத்துக் கழுவி, எந்த வீட்டு மாடு என்று துணியில் முடிந்து வைத்திருந்தான். கால்நடை டாக்டர் வந்தபோது அந்த முடிச்சுகளை வரிசையாக அவர் முன்னால் வைத்தான். டாக்டர் வில்லையைத் திருப்பித் திருப்பி நம்பரைப் பார்த்துவிட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை. என்னைக் கேட்டால் சான்றிதழை அவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பரம்பரைக் கிராமக் கணக்கர்களான கர்ணம் முறையை 1980-ல் ஒழித்த பிறகு வேலைக்கு வந்து, ரிட்டயர் ஆகி வெகுகாலம் ஆன பெரியவர், நடக்க முடியாமல் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து, எந்தப் புல எண்ணில் யார் உழுகிறார் என்று மனப்பாடமாகச் சொன்னாரே, அவருக்கும் நன்றி. வாழைக்கணக்கு எடுத்த தோட்டக்கலைக்காரர்கள், நெல்லைப் பார்த்த உதவி வேளாண் அலுவலர், ரேஷன் கடையில் 6,000 ரூபாய் டோக்கன் கொடுக்கும்போது சண்டை வராமல் பார்த்துக்கொண்ட மகளிர் குழு அக்காமார், என் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) சார், எல்லாருக்கும்தான்.

சக வி.ஏ.ஓ.க்களுக்குத் தனியாக ஒன்று. அந்த வருஷம் ஏப்ரல் 25-ந் தேதிதான் நம் மாவட்டத்தில் முறப்பநாட்டில் லூர்து பிரான்சிஸ் சாரை அவர் ஆபீசுக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காக. அதற்குப் பிறகு வேலையை விட்டுவிடு என்று வீட்டில் சொல்லாத வி.ஏ.ஓ. யாரும் இருக்க மாட்டோம். அப்படியும் வெள்ளத்தில் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் தங்கள் கணக்கை முடித்துவிட்டு என் கிராமத்துக்கும் வந்து நின்றீர்கள்.

சரி, விருது பற்றி ஒரு வார்த்தை. பொது நிர்வாகத்தில் சாதனைக்காகப் பிரதமர் விருது ஒன்று இருக்கிறது, 2006-ல் தொடங்கியது, வருஷா வருஷம் ஏப்ரல் 21 குடிமைப் பணிகள் தினத்தில் டெல்லியில் கொடுப்பார்கள். ஜெயிக்கிற மாவட்டத்துக்கு 20 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை உண்டு, அது மக்கள் பணிக்கே திரும்பச் செலவாகும். நல்ல ஏற்பாடு. எங்கள் சான்றிதழுக்குப் பணம் கிடையாது, கண்ணாடிச் சட்டம் கூட நாம்தான் போட வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எந்த விருதும் தலையாரி வரைக்கும் இறங்கி வருவது அபூர்வம் என்பதில் வருத்தம் உண்டு. அடுத்த ஆகஸ்ட் 15-க்குப் பெயர் கேட்டால் அண்ணாச்சி பெயரைத்தான் எழுதிக் கொடுப்பேன், இதை இப்போதே பொதுவில் சொல்லிவைக்கிறேன்.

தாள் பிரித்த பிள்ளைகளில் ஒருத்தி ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கப் போகிறாளாம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து 1,000 பேரை எடுத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் கொடுக்கிறார்கள், முதல்நிலையில் தேறினால் 25,000 தனி. அதற்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் என்னிடம் கொடுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசில் டீயும் மக்ரூனும் உண்டு, எல்லாரும் வாருங்கள். வாரிசுச் சான்று மனு பாக்கி இருப்பவர்கள் கையோடு ஆதாரையும் எடுத்து வாருங்கள், அதையும் முடித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் வி.ஏ.ஓ.