ஸ்பேம் வடிகட்டி ஓடுகிறது. அதன் விதிகள் எந்தத் தேதியுடையவை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னஞ்சல் மோசடி பற்றிய செய்திகள் வரும்போதெல்லாம், அறியாத இணைப்புகளைத் தொடவேண்டாம் என்ற அறிவுரையும் தவறாமல் உடன் வருகிறது. அறிவுரையில் குறையில்லை. அந்த அஞ்சல் ஊழியரின் பெட்டி வரை எப்படி வந்து சேர்ந்தது என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கும் சில சிறு நிறுவனங்களுக்குப் பல ஆண்டுகளாகப் பராமரிப்பு வேலை பார்த்து வருபவன் என்ற முறையில், நான் மீண்டும் மீண்டும் காணும் ஒரு காரணத்தைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். வேண்டாத அஞ்சல்களைப் பிடிக்கும் ஸ்பேம் வடிகட்டி நின்றுபோவதில்லை, அதன் விதிகள் புதுப்பிக்கப்படுவது நின்றுபோகிறது.

இத்தகைய சர்வர்களில் பெரும்பாலும் நான் காண்பது ஸ்பேம்அசாசின் என்ற கட்டற்ற மென்பொருள். ஒவ்வோர் அஞ்சலையும் அது நூற்றுக்கணக்கான விதிகளோடு ஒப்பிட்டுப் புள்ளிகள் இடுகிறது. மொத்தம் 5 புள்ளிகளை எட்டினால், வேறு விதமாக மாற்றி அமைக்காத வரை, அஞ்சல் ஸ்பேம் என்று குறிக்கப்படும். விதிகளுக்கும் வயதாகும் என்பதற்கு 2010-ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளே சான்று. பெட்டியின் உச்சியில் நிற்பதற்காக எதிர்காலத் தேதியிட்டு வரும் ஸ்பேம் அஞ்சல்களைப் பிடிக்க முன்பு எழுதப்பட்டிருந்த ஒரு விதி, 2010-ஐயும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளையும் தொலைதூர எதிர்காலமாகக் கருதியது. ஜனவரி 1 பிறந்ததும் சரியான தேதியிட்ட நல்ல அஞ்சல்களுக்கெல்லாம், சில அமைப்புகளில் 3 புள்ளிகளுக்கும் மேல், தண்டனை விழுந்தது. வாழ்த்து அனுப்பியவர்களும் குற்றவாளிகள் ஆனார்கள். திருத்தம் அன்றே, புதிய விதிகள் இணையம் வழியாக வரும் புதுப்பிப்புத் தடத்தில் வெளியாகிவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பு ஒழுங்காக நடந்துவந்த சர்வர்கள் அதைப் பெற்றுக்கொண்டன, மற்றவை நல்ல அஞ்சல்களைக் குப்பையில் போட்டுக்கொண்டே இருந்தன.

என் அனுபவத்தில் பெரிய பாடம் 2020-இல் கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச் 1 முதல், விதித் தொகுப்புகள் மாறாமல் வந்து சேர்ந்தனவா என்று சரிபார்க்க உதவும் பழைய ஷா-1 கோப்புகளை வெளியிடுவதில்லை என்று ஸ்பேம்அசாசின் திட்டக்குழு முன்கூட்டியே அறிவித்திருந்தது. புதிய சரிபார்ப்பு முறையை அறிந்த, 2018 செப்டம்பரில் வந்த 3.4.2 பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருந்தால் சிக்கலில்லை. நான் புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு நிறுவனத்தின் சர்வரில் அதைவிடப் பழைய பதிப்பே இருந்தது. கொரோனாவைக் காட்டி ஏமாற்றும் அஞ்சல்கள் குவிந்த காலம் அது. அத்தகைய தீங்கு அஞ்சல்களை நாளொன்றுக்கு 1.8 கோடி என்ற அளவில் தடுப்பதாக அந்த ஏப்ரலில் கூகுள் கூறியது. அவற்றை எதிர்கொள்ள வேண்டிய எங்கள் வடிகட்டியோ பிப்ரவரி மாத விதிகளோடு நின்றிருந்தது. கையால் இயக்கிப் பார்த்தபோது, இயங்கும் மிரர் (விதிகளின் நகலை வழங்கும் சர்வர்) எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தது. அதை நம்பி இரண்டு நாள்களை ஃபயர்வால் என்ற வலைப் பாதுகாப்புத் தடுப்போடு மல்லுக்கட்டிக் கழித்தேன். மிரர் சர்வர்கள் நன்றாகவே இருந்தன. பழைய நிரல் கேட்ட ஷா-1 கோப்புதான் அங்கே இல்லை.

இத்தனை மாதம் இது தெரியாமல் போனதற்குக் காரணம் இன்னும் எளியது. எஸ்ஏ-அப்டேட் என்ற புதுப்பிப்பு நிரல் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் புதிய விதிகள் நிறுவப்பட்டன; 1 என்றால் புதியவை எதுவும் இல்லை, அவ்வளவுதான்; 2 என்றால் நம்முடைய சொந்த அமைப்புக் கோப்புகளே சோதனையில் தோற்றுள்ளன; 3 என்றால் சில தடங்கள் மட்டும் வெற்றி; 4-ம் அதற்கு மேலும் பிழை. முன்பு பொறுப்பில் இருந்தவர் 1-ஐப் பிழை என்று எண்ணி, நாள்தோறும் வந்த எச்சரிக்கை அஞ்சலால் சலித்து, அந்த நிரலைக் குறித்த நேரத்தில் தானாக இயக்கும் கிரான் பணியின் வெளியீடு முழுவதையும் அடைத்துவிட்டிருந்தார். 4 வந்தபோது கேட்க ஆளில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன், ஏனெனில் யுனிக்ஸ் இயங்குதள மரபில் 0 அல்லாத எதையும் தோல்வியாகவே படிக்கப் பழகியிருக்கிறோம்.

புதுப்பிப்பு தோற்றால், அந்த நிரல் வேலை செய்யும் வரிசையிலேயே தேடுவது நல்லது. கிரான் எந்தப் பயனர் பெயரில் இயக்குகிறதோ அதே பெயரில், விரிவான பதிவைக் காட்டும் முறையில், கையால் ஒருமுறை இயக்க வேண்டும். நாம் கட்டளையிடும் முனையத்தில் இருக்கும் பிராக்ஸி (இணையத்துக்கான இடைநிலை சர்வர்) அமைப்பு கிரானுக்குத் தெரியாது என்பதே பல சமயம் விடையாக அமையும். நிரல் முதலில் டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ச் சேவை வழியாக, தன் பதிப்பு எண்ணைத் தலைகீழாக எழுதி, அண்மை விதித் தொகுப்பின் எண்ணைக் கேட்கிறது. பதில் வராவிட்டால் மேற்கொண்டு எதுவும் நடக்காது. அதன்பின் மிரர் பட்டியல், தொகுப்புக் கோப்பு, சரிபார்ப்புத் தொகை, தொகுப்பு திட்டக்குழுவிடமிருந்தே வந்தது என்று காட்டும் ஜிபிஜி கையொப்பம், கடைசியாக விதிகள் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்கும் லின்ட் சோதனை. லின்டில் தோற்றால் புதிய தொகுப்பு ஒதுக்கப்பட்டுப் பழையதே நீடிக்கும். என்றோ யாரோ .pre என்று முடியும் உள்ளூர் அமைப்புக் கோப்பில் பிழையாக எழுதிவைத்த ஒரு வரியும் புதுப்பிப்பைத் தொடக்கத்திலேயே தடுக்கக்கூடும்.

கையொப்பச் சோதனை தோற்றால் அதை அணைத்துவிடச் சொல்லும் நண்பர்கள் உண்டு. இதை மட்டும் செய்யவே கூடாது என்பேன். தீய நோக்கத்தோடு எழுதப்பட்ட விதிக்கோப்பு சர்வரில் கட்டளைகளையே இயக்கிவிடக்கூடிய ஓட்டை இந்த மென்பொருளில் இருந்து, 2019 டிசம்பரில் 3.4.3 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. கையொப்பம் பாராமல் விதிகளை ஏற்பது, முத்திரை உடைந்த மருந்துப் புட்டியை வாங்கிக்கொள்வதற்கு ஒப்பானது. கையொப்பத்தைச் சோதிக்க உதவும் திட்டத்தின் சாவியை முறைப்படி மீண்டும் இறக்குமதி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புதிய விதிகள் வட்டில் இறங்கியதும் வேலை முடிந்ததாக எண்ணுவதும் தவறு. வடிகட்டி விதிகளை நினைவகத்தில் ஏற்றி வைத்திருப்பதால் அதை மறுதொடக்கம் செய்யவேண்டும். விதிகளைத் தானே ஏற்றிக்கொள்ளும் அமாவிஸ் என்ற இடைநிலை நிரல் வழியாக அஞ்சலைச் சோதிப்பவர்கள் அமாவிஸைத்தான் மறுதொடக்கம் செய்யவேண்டும். ஸ்பேம்அசாசினின் தனிச் சேவையை எத்தனை முறை நிறுத்தித் தொடங்கினாலும் பயனில்லை.

நிறுவன உரிமையாளர்களுக்கு இந்த நுட்பங்கள் தேவையில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருமுறை, வடிகட்டி ஓடுகிறதா என்று கேட்பதற்குப் பதிலாக, விதிகள் கடைசியாக என்று மாறின என்று கேட்டால் போதும். போதிய மாதிரி அஞ்சல்கள் சேராத நாள்களில் புதிய தொகுப்பு வெளிவராது என்பதால், சில நாள் இடைவெளியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் பழைய தேதியைச் சொன்னால், அன்றே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.