முருகைத் தொட்டி வைக்க முன் கிணற்றுத் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்து அதற்குள் முருகை (பவளம்) வளர்க்கும் ஆசை யாழ்ப்பாணத்திலும் பரவி வருகிறது. விசாரிக்க வருபவர்கள் முதலில் கேட்பது தொட்டியின் விலையும் லைற்றின் விலையும். இந்த ஊரில் முதற்காசு போகவேண்டியது தண்ணீருக்கும் குளிருக்கும். விற்பவர்கள் இதைச் சொல்வது குறைவு என்பதால் கடல்நீர்த் தொட்டி பராமரிப்பில் அனுபவமுள்ள நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம்.

சாதாரண வீட்டுத் தொட்டி ஒன்று 100 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 50 உயரம் இருக்கும். கண்ணாடி 12 மில்லிமீற்றர். அதன் கீழே, தாங்கிப் பெட்டிக்குள், 60 சென்ரிமீற்றர் நீளத்தில் இன்னொரு தொட்டி. இதைச் சம்ப் என்பார்கள். இரண்டிலும் ஓடும் தண்ணீர் ஏறத்தாழ 250 லீற்றர். கல், மணல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்து 400 கிலோவைத் தாண்டும். மாடி வீட்டுக்காரர் சுவரோரமாக, வளை தாங்கும் இடம் பார்த்து வைப்பது நல்லது.

மேல்தொட்டியின் பின்மூலையில் ஒரு வழிவுப் பெட்டி உண்டு. மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலத்தோடு தண்ணீர் அதற்குள் வழிந்து, குழாய் வழியே சம்புக்கு இறங்கும். இறங்கும் குழாய் இரண்டு வேண்டும். ஒன்றை நத்தையோ பாசியோ அடைத்தால் மற்றது வீட்டைக் காப்பாற்றும். சம்பில் முதலில் பஞ்சுத் துணிப்பை, அடுத்து ஸ்கிம்மர், கடைசி அறையில் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் பம்ப். மணிக்கு 1500 முதல் 2500 லீற்றர் வரை ஏற்றினால் போதும். ஸ்கிம்மர் நுண்ணிய காற்றுக்குமிழிகளை எழுப்பி, மீன் கழிவிலுள்ள புரதப் பொருட்களை நுரையோடு சேர்த்து வெளியே எடுக்கும். கிண்ணத்தில் சேரும் மண்ணிற நாற்றத் தண்ணீரைப் பார்த்தால் அது செய்யும் வேலை புரியும்.

கரண்ட் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் ஏற்றுக் குழாய் வழியே கீழே இறங்கத் தொடங்கும். இந்த அளவுத் தொட்டியில் 1 சென்ரிமீற்றர் உயரம் என்றால் 5 லீற்றர். குழாய்வாய் 4 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால் 20 லீற்றர் சம்புக்கு வந்து சேரும். அதற்கான வெற்றிடம் சம்பில் எப்போதும் இருக்கவேண்டும். தொட்டி வைத்த முதல் நாளே பிளக்கைக் கழற்றிப் பரிசோதித்துவிடுங்கள். நள்ளிரவு மின்வெட்டில் தரை நனைந்த பிறகு தெரிந்து பயனில்லை.

இனித் தண்ணீர். குடாநாடு சுண்ணக்கல் நிலம். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட, கடினத்தன்மையும் கூட. தோட்ட உரமும் மலக்குழிக் கசிவும் பல கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றி வைத்திருப்பதும் இங்கு பலரும் அறிந்ததே. அந்தத் தண்ணீரில் உப்புக் கரைத்தால் வளர்வது பாசி. நுண்சவ்வு வழியே தண்ணீரைத் தள்ளும் ஆர்.ஓ. கருவியால் வடித்து, அதன் பின் மிஞ்சிய உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. பிசின் குழாயிலும் விட்டு, கரைந்த பொருட்களை அளக்கும் ரி.டி.எஸ். மானி 0 காட்டும் தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். விற்பனைக்கு வரும் ஆர்.ஓ. குடிநீர் குடிக்க நல்லது. தொட்டிக்கென்றால் அதையும் பிசினில் விட்டெடுக்க வேண்டும். 1 லீற்றர் வடிக்க 3, 4 லீற்றர் கழிவாகப் போகும். அதை வாழைக்கு விடலாம்.

கடல் பக்கத்தில் இருக்க ஏன் உப்பு வாங்குவான் என்று கேட்பார்கள். பண்ணைப் பக்கக் கடல்நீரேரித் தண்ணீர் கோடையில் உப்பேறி மாரியில் இறங்கும், தொட்டிக்கு ஆகாது. காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கத் திறந்த கடலில், வள்ளங்கள் கட்டும் இடத்தை விட்டு விலகி, மழை இல்லாத காலத்தில் எடுத்தால் பயன்படும். ஆனாலும் உப்பை அளந்து பார்க்காமல் ஊற்றக்கூடாது. பொதி உப்பென்றால் லீற்றருக்கு 37, 38 கிராம். முதல் நிரப்பலுக்கு ஒன்பதரைக் கிலோ அளவில் முடியும். தண்ணீருக்குள் உப்பைப் போடவேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கல்சியம் வீழ்படிவாகி வெள்ளையாய் அடியில் நிற்கும். ஒரு நாள் பம்ப் போட்டுக் கலக்கிய பின் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்ரோமீற்றரில் ஆயிரத்துக்கு 35 வரவேண்டும். ஒப்படர்த்தி என்றால் 1.025 முதல் 1.026 வரை.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். மின்விசிறி பூட்டிய தொட்டியில் நாளொன்றுக்கு 3 முதல் 5 லீற்றர் வரை குறையலாம். அதை வடித்த நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். இங்கே உப்புநீரை ஊற்றுவதுதான் புதியவர்கள் அதிகம் விடும் பிழை. மிதவைச் சுவிட்ச் பூட்டித் தானாக நிரப்ப விடுபவர்கள், அந்த நன்னீர்க் கலனை 15 லீற்றருக்கு மேல் வைக்கவேண்டாம். சுவிட்ச் சிக்கிக்கொண்டாலும் சேதம் அந்த அளவோடு நிற்கும்.

வெப்பத்துக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் அறையே 32, 33 பாகை. கடலில் 28, 29 பாகையில் முருகை வாழத்தான் செய்கிறது. அதற்கு மேல் 1, 2 பாகை ஏறிச் சில வாரம் நின்றால் உடலுக்குள் வாழும் நுண்பாசியை இழந்து வெளிறிவிடும். 1998 இலும் 2016 இலும் இலங்கைக் கடலிலேயே அது நடந்தது. தொட்டியை 26 பாகையில் வைக்கச் சொல்வது, மின்வெட்டில் ஏறுவதற்கு இடம் விடத்தான். வெப்பம் கூடினால் தண்ணீரில் ஒட்சிசனும் குறையும். மின்விசிறி 2, 3 பாகை குறைக்கும், காற்றில் ஈரம் கூடிய நாட்களில் அதுவும் குறைக்காது. ஆகவே தண்ணீரைக் குளிராக்கும் கால் குதிரைவலுச் சில்லர் ஒன்று தேவை. அதைத் தாங்கிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பவர்கள் உண்டு. தான் கக்கும் சூட்டைத் தானே இழுத்து, அது இரவு பகலாக ஓடும், தண்ணீரும் குளிராது. சூடான காற்று அறைக்கு வெளியே போக வழி செய்யுங்கள். லைற், பம்ப், சில்லர் எல்லாம் சேர நாளுக்கு 5 யூனிற் வரை வரும். மாதம் 150 யூனிற் கூடினால் வீட்டு மின்பட்டியல் எந்தப் படிக்கு ஏறும் என்று முதலே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். நெடுந்தீவு வேலி மதில்களில் இருந்தும் பழைய கிணற்றுக் கட்டுகளில் இருந்தும் முருகைக்கல் பெயர்த்து வருகிறார்கள். சுண்ணாம்பு பூசிய கல் காரத்தன்மையை ஏற்றும், மண்ணில் கிடந்த கல் பொசுபேற்றைக் கசியவிடும், மதிலும் பாழ். உயிர் முருகையைக் கடலில் உடைத்து வாளியில் கொண்டுவருவது விலங்கின, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கல் முருகைகள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் உள்ளவை. அனுமதிப் பத்திரம் காட்டாத கடையில் வாங்காதீர்கள். சுட்ட களிமண் கல் 20, 25 கிலோ போதும். சீமெந்துக் கல்லென்றால் 4 முதல் 6 வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே உள்ளே போடலாம்.

கல்லும் மணலும் போட்ட உடனே மீன் விடக்கூடாது. மீன் கழிவின் நஞ்சை மாற்றும் போத்தல் பக்ரீரியாவும் அதற்கு உணவாகச் சிறிது அமோனியாவும் இட்டு, அமோனியா, நைத்திரைற் இரண்டும் 0 ஆகும் வரை காத்திருக்கவேண்டும். இதற்கு 4 முதல் 6 வாரம் எடுக்கும். அதன்பின் மண்ணிறப் படலம் மணலை மூடும், பிறகு பச்சை மயிர்ப்பாசி. இரண்டும் வந்து போகிறவை. பதறி மருந்து ஊற்றுபவர்கள்தான் தொட்டியைக் கெடுக்கிறார்கள். நத்தைகளை விட்டு, லைற்றை 8 மணி நேரத்துக்குள் வைத்தால் போதும்.

இந்த அளவுத் தொட்டிக்குச் சிறிய மீன் நாலைந்து. கோமாளி மீன் சோடி ஒன்று பொருந்தும். நீல சேர்ஜன் மீன் ஓர் அடி வரை வளரும், இங்கே அதற்கு நீந்த இடமில்லை. வண்ணத்திப்பூச்சி மீன்களில் பல முருகையைக் கொத்தித் தின்னும். முருகையில் முதலில் பொத்தான் போன்ற சோவாந்தஸ், காளான் முருகை, தோல் முருகை. கிளைவிடும் கல் முருகையான அக்ரோபோராவை ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம். காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு), கல்சியம் லீற்றருக்கு 420 மில்லிகிராம், மக்னீசியம் 1300 மில்லிகிராம். எண்ணை விட அது அசையாமல் நிற்பது முக்கியம். காரத்தன்மை ஒரே நாளில் 1 டி.கே.எச்.க்கு மேல் மாறினால் அக்ரோபோரா அடியிலிருந்து தோலுரியும்.

டெங்குப் புகை அடிக்கும் நாளில் ஸ்கிம்மரையும் காற்றுப் பம்பையும் நிறுத்தி, தொட்டியையும் சம்பையும் மூடி, புகை கலைந்து அறைக்குக் காற்றோட்டம் வந்த பின் திறவுங்கள். ஸ்கிம்மர் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீரில் கலக்கும். பூச்சிக்கொல்லி இறாலையும் நண்டையும் முதலில் கொல்லும். மின்வெட்டுக்கு 12 வோல்ற்றில் ஓடும் அலைப் பம்ப் ஒன்றும் 40 அம்பியர்-மணி பற்றரி ஒன்றும் இருந்தால் ஓர் இரவைக் கடக்கலாம். லைற்றை மறந்துவிடுங்கள், தண்ணீர் அசைந்தால் மீன் பிழைக்கும்.

தொட்டி விற்கும் கடைகளிடம் ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியலில் சில்லரையும் ஆர்.ஓ. கருவியையும் தொட்டியோடு ஒரே தாளில் போடுங்கள். பணம் கட்ட முன், வாங்குபவர் போத்தலில் கொண்டுவரும் கிணற்றுத் தண்ணீரை மானியில் அளந்து காட்டுங்கள்.

இப்படிக்கு,
கடல்நீர்த் தொட்டி பராமரிப்போர் சிலர்,
யாழ்ப்பாணம்.