சீவாளி நனையும் நேரம்

அன்புள்ள மாப்பிள்ளை,

"திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் வாசிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது மாமா, இப்போதே வாய் உலர்கிறது" என்று நேற்று இரவு எழுதியிருந்தாய். உனக்கு மட்டும் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே பயத்தோடு நாகஸ்வரத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பிள்ளைகள் நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நிறையப் பேர். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

வயலின்காரருக்குப் பயம் வந்தால் வில் நடுங்கும். நமக்கு உதடும் எச்சிலும்தான் வில். பயந்த உடம்பு முதலில் எச்சிலை வற்றவைக்கிறது, பிறகு மூச்சை நெஞ்சுக்கு மேலே ஏற்றிவிடுகிறது. நாகஸ்வரத்தின் மேல்நுனியில் செருகி உதட்டில் வைத்து ஊதும் நாணல் துண்டுதான் சீவாளி. உலர்ந்த சீவாளி பேசாது, பேசினாலும் கீச்சிடும். ஆகவே மனத்தை அடக்கப் போகிறேன் என்று கிளம்பாதே. சீவாளியைப் பார். மனம் பின்னாலேயே வரும்.

முப்பது வயதில் என்னிடமும் ஒரு பெரிய சடங்கு இருந்தது. வாசிக்கும் நாளில் விடியற்காலைக் குளியல், ஒரு குறிப்பிட்ட சரிகைத் துண்டு, கும்பகோணத்தில் ஒரே ஒரு கடையின் டிகிரி காபி, அதற்குப் பிறகு யாரோடும் பேச்சு இல்லை. உன் அத்தைகூட அந்த நேரத்தில் என்னிடம் எதுவும் கேட்க மாட்டாள். மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். வழியில் பஸ் நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்குச் சற்று முன்புதான் போய்ச் சேர்ந்தேன். காபி இல்லை, அவசரத்தில் துண்டையும் வீட்டிலேயே விட்டிருந்தேன். உட்கார்ந்து ஊதினால் முதல் சுரமே உடைந்தது. வாத்தியத்தில் கோளாறு இல்லை, சீவாளியும் நல்ல சீவாளி. காபி குடிக்காத நான்தான் கோளாறு.

நான் தவித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் தவில் அண்ணன் தவிலை அடிக்கும் வலது கை விரல்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடு, அந்தக் கெட்டியான விரலுறை, மாட்டிக்கொண்டிருந்தார். சுண்டுவிரலில் தொடங்கி, மாட்டி, அழுத்தி, மடக்கிப் பார்த்து, அடுத்த விரல். வெளியே மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்துகிறார்கள், அவர் கண்ணைக்கூட உயர்த்தவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் சொன்னார்: "தம்பி, கூடு இல்லாமல் என்னால் வாசிக்க முடியாது. அதனால் அது எங்கே போனாலும் என்கூட வருகிறது. உன் காபி வருமா?"

அன்றைக்குப் பிறகு வாசிப்புக்கு வேண்டியதை மட்டுமே சடங்காக வைத்துக்கொண்டேன். பெட்டியைத் திறப்பேன். திருவாவடுதுறையில் வாங்கிய சீவாளிகளில் மூன்றை எடுத்துத் தண்ணீரில் நனைப்பேன். பனியில் ஒரு மாதிரியும் வெயிலில் ஒரு மாதிரியும் இருக்கும் பொருள் அது. நேற்று நன்றாகப் பேசியது இன்று முரண்டு பிடிக்கும். ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்துத் தனியாக ஊதிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து, சீவாளியை வாத்தியத்தோடு இணைக்கும் கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் பொருத்துவேன். சீவாளிகள் நனையும் நேரத்தில் சுருதிப்பெட்டியைக் கேட்டபடி மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுவேன். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாவது உடம்பின் இயல்பு. கடைசியாக, முதல் வரியை மட்டும் ஊதாமல் விரலால் வாசிப்பேன். முழு உருப்படியையும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. எங்கே தவறும் என்று மனம் தேட ஆரம்பித்துவிடும்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று உன் கல்லூரி நண்பன் சொன்னானாம். 2016இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வை அவனிடம் சொல். அந்நியர் முன் பாடப்போகிறவர்களைத் தங்கள் மனநிலையைத் தாளில் வரைந்து, உப்புத் தூவி, ஐந்துவரை எண்ணி, கசக்கி எறியச் சொன்னார்கள். அப்படிச் செய்தவர்கள் செய்யாதவர்களைவிடப் பதற்றமில்லாமல், சரியாகவும் பாடினார்கள். ஆக, உப்பும் வேலை செய்யும்தான். ஆனால் உப்பு டப்பாவை மறந்துவிட்டால் என்ன செய்வது? நான் கேட்பது அது ஒன்றுதான்.

மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் முகமூடி அணிபவர் அன்று முழுவதும் உபவாசம் இருப்பார். அது வேறு. அங்கே அந்த விரதமே கூத்தின் ஒரு பகுதி, முகமூடியும் பூஜையில் இருக்கும் முகமூடி. அதைப் பார்த்துவிட்டு நீயும் பட்டினி கிடக்காதே. வெறும் வயிற்றில் நாகஸ்வரம் ஊதினால் தலை சுற்றும்.

ஆராதனையில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். முன்னே வாசித்தவர் இறங்கும்போதே நீ ஏற வேண்டும். அதனால் இந்தச் சடங்கை வீட்டிலேயே இரண்டு விதமாகப் பழகு: ஐந்து நிமிடத்தில் ஒரு தடவை, ஒரே நிமிடத்தில் ஒரு தடவை. தொலைக்காட்சியை அலறவிட்டுப் பழகு. அக்கா திட்டினால் நான் சொன்னேன் என்று சொல். கை நடுங்கினால் நடுங்கட்டும். எனக்கு இன்றும் நடுங்குகிறது, சீவாளியைப் பொருத்தும்வரை.

அன்று காலை கும்பகோணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். நீ வாசித்து இறங்கும்வரை உன்னிடம் பேச மாட்டேன். சீவாளிப் பெட்டியை நீயே வைத்துக்கொள், உன் அம்மாவிடம் கொடுத்துவிடாதே. சுத்தம் செய்கிறேன் என்று வெயிலில் காயவைத்துவிடுவாள். எனக்கு ஒரு தடவை செய்திருக்கிறாள்.

உன் மாமா