தோட்டக் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு வழக்கம்போல் மாதம் ஒருமுறை புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொங்கலுக்கு நம் பாத்தியில் விளைந்த மஞ்சள் கொத்தையே பானையில் கட்டினோம். அண்டைவீட்டுச் சீன, மலாய்க் குடும்பங்களும் வந்து சேர்ந்துகொண்டது மனத்துக்கு நிறைவாக இருந்தது. தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டும் வேலையில் இந்த ஆண்டு யாரும் சுணங்கவில்லை. டெங்கிக் கொசு விஷயத்தில் அந்த அக்கறை தொடர வேண்டும்.

இனி ஊடுபயிர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பயிரின் வரிசைகளுக்கு இடையே இன்னொன்றை வளர்ப்பதுதான் அது. சென்ற பொதுக்கூட்டம் முக்கால் மணி நேரம் நீண்டதே இதனால்தான். "ஊடுபயிர் போட்டால் பூச்சி அண்டாது" என்று ஒரு தரப்பு. விருதுநகர்ப் பக்கம் கரிசல்காட்டில் வளர்ந்த நம் மூத்த உறுப்பினரோ, "தம்பி, அது களையை அடக்கத்தான் கைகொடுக்கும், புழுவை விரட்ட இல்லை" என்றார். பேசித் தீராது என்று மூன்று பாத்திகளை ஒதுக்கினோம். ஒன்றில் துவரை மட்டும். அடுத்ததில் இரண்டு வரிசை சோளத்துக்கு ஒரு வரிசை துவரை. மூன்றாவதில் அதே அமைப்போடு இடையில் தட்டைப்பயறு. (சோளம் என்றால் இங்கே வெள்ளைச் சோளம். ஈரச்சந்தையில் வாங்கும் மக்காச்சோளம் அல்ல.)

இந்தக் கூட்டணியை நாம் கண்டுபிடிக்கவில்லை. மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலத்தில் பாட்டன் காலத்திலிருந்து வருவது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972இல் தொடங்கிய இக்ரிசாட் ஆய்வு நிலையம் இதைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தது. துவரை முதல் ஆறேழு வாரம் எழும்பவே எழும்பாது. அந்த இடைவெளியில் சோளம் கிடுகிடுவென்று வளர்ந்து நூறு நாளில் அறுப்புக்கு வந்துவிடும். பிறகு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு துவரை தன் வேலையைத் தொடங்கும். மழை பொய்த்தாலும் இரண்டில் ஒன்றாவது வீட்டுக்கு வரும்.

துவரை எழும்பாத அந்த ஆறேழு வாரம்தான் களைக்குக் கொண்டாட்டம். நாம் மே தொடக்கத்தில் விதைத்தோம். ஜூன் பள்ளி விடுமுறையில் பலர் ஊருக்குப் போய்விட, இரண்டு வாரம் களையெடுப்புப் பட்டியலே இல்லாமல் போனது. பட்டியல் போடாதது என் தவறு. அதற்கு வருந்துகிறேன். திரும்பி வந்து பார்த்தால் தனித் துவரைப் பாத்தியில் நாற்று எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கோரைக் களையை இழுத்தால் தாள் மட்டும் கையோடு வந்தது. சிறு கரண்டியால் கிளறியபோது, ஒரு கிழங்கிலிருந்து நூல் போன்ற வேர்த்தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அங்கிருந்து இன்னொன்று என்று பாசிமணி கோத்ததுபோல் வந்துகொண்டே இருந்தது. சோளப் பாத்தியில் களை அதில் பாதிகூட இல்லை. தட்டைப்பயறு படர்ந்த பாத்தியில் மண்ணே கண்ணில் படவில்லை. களை முளைக்க வெளிச்சம் எங்கே? தட்டைப்பயறோ பாசிப்பயறோ இடையில் விதைத்தால் ஒருமுறை கையால் களையெடுக்கும் வேலை மிச்சம் என்று பட்டான்செருவில் கண்டதும் இதைத்தான். இங்கே சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கே அதில் பாதிகூடக் கிடையாது. வறண்ட நிலத்துக்கே அந்த உதவி என்றால், நித்தமும் களை முளைக்கும் நமக்கு எவ்வளவு உதவி!

சரி, புழு? தீபாவளிக்கு முந்திய வாரம் ஓர் அம்மா காய் பறிக்க வந்தார். ஒரு காயில் வட்டமாக ஓட்டை. பிரித்தால் மூன்று பருப்பு காலி, புழுவும் போயிருந்தது, எச்சம் மட்டும் மிச்சம். "சோளம் பக்கத்துலயே இருந்துச்சே, அப்புறம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். மூன்று பாத்தியிலும் அதே கதைதான். தட்டைப்பயறில் பூவையும் பிஞ்சையும் நூலால் பின்னி உள்ளே உட்கார்ந்திருந்தது புள்ளிக் காய்ப்புழு.

நம் பாத்தி சிறியது, அதை வைத்து ஊருக்குச் சட்டம் சொல்ல முடியாது. ஆனால் பெரிய வயல்களில் கண்டதும் அதை ஒட்டியே இருக்கிறது. காயில் ஓட்டை போடும் பச்சைக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி சோளக் கதிரிலும் முட்டையிடும், துவரைப் பூவிலும் இடும். கதிரில் உள்ள முட்டையை டிரைக்கோகிராமா என்ற மிகச் சிறிய குளவி தேடி அழிக்கிறது. துவரைப் பக்கம் அது அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. சோளத்தில் பெருகும் நல்ல பூச்சி துவரையைக் காக்கும் என்ற நம்பிக்கை அங்கேயே பலிக்கவில்லை. மாறாக, சோளத்தோடு சேர்ந்த துவரையில் வாடல் நோய் குறைந்தது உறுதியாகத் தெரிந்தது. ஊடுபயிரின் நன்மை ஒன்றல்ல, பல. எந்த நன்மை எதற்கு என்று பிரித்துப் பார்க்காவிட்டால், ஏமாந்தவர்கள் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

வரும் ஆண்டுக்குக் குழு முன்வைப்பது இது. மூன்றாவது பாத்தியின் முறையே எல்லாத் துவரைக்கும். விதைத்த நாள் முதல் ஆறு வாரத்துக்கு, விடுமுறை வந்தாலும் விடாத களையெடுப்புப் பட்டியல். பூக்கத் தொடங்கியதும் வாரம் இருமுறை காலையில் பூவையும் பிஞ்சையும் கையால் புரட்டிப் பார்த்துப் புழு பொறுக்குவது. பூச்சியைத் தன் பக்கம் இழுக்கும் பொறிப்பயிராக ஓரத்தில் ஆமணக்கு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நிலக்கடலைக் காட்டில் அது நல்ல வழிதான். ஆனால் இலையடியில் இருக்கும் முட்டைக் குவியலை நாள்தோறும் கிள்ளி எடுத்தால்தான் பொறி, இல்லாவிட்டால் அதுவே புழுவுக்குத் தொட்டில். அதோடு ஆமணக்கு விதை நஞ்சு, நம் தோட்டத்துக்குப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆகவே வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

சோளக் கதிரில் பெரும்பங்கை மைனாக்கள் தின்றுவிட்டன. இந்த முறை கதிருக்கு வலைப்பை கட்ட வேண்டும். தைக்கத் தெரிந்தவர்கள் முன்வாருங்கள். களையெடுப்புப் பட்டியல் வாசலருகே மேசையில் இருக்கிறது, ஜூன் மாதக் கட்டங்களை முதலில் நிரப்பிவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.

அன்புடன்,
செயலாளர்