ஐந்தாவது கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பார்க்கச் சொன்ன 'ஸ்டார்ட்-அப்' கொரியத் தொடரை ஒருவழியாக முடித்துவிட்டேன். 16 எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். போனில் நீ "எப்படி இருந்தது?" என்று கேட்டபோது "பரவாயில்லை" என்றேன். உடனே "அப்பா, நீங்களும் ஜிபியோங் கட்சியா!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். நான் எந்தக் கட்சி என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். கடிதங்களைப் பற்றிய கதைக்குக் கடிதத்திலேயே பதில் சொல்வதும் பொருத்தம்தான்.

2020 அக்டோபரில் தொடங்கி டிசம்பர் 6-ஆம் தேதி முடிந்த தொடர் இது. கதாநாயகி டல்மிக்கு ஏற்றவன் ஜிபியோங்கா டோசானா என்று இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஆட்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்று சண்டை போடுகிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பார்த்து முடித்தபின் அந்த வேடிக்கை போய்விட்டது. இப்போது நானே உன் அம்மாவோடு தினமும் சண்டை போடுகிறேன்.

முதல் எபிசோடை இரண்டு முறை பார்த்தேன். அநாதை இல்லத்தை விட்டு வெளியே வந்த பையன் ஜிபியோங். போக இடமில்லை. சிறிய கடை வைத்திருக்கும் பாட்டி அவனைக் கடையிலேயே தங்கவைக்கிறாள். பாட்டியின் பேத்தி டல்மி தனியாகிவிட்ட குழந்தை. பெற்றோர் பிரிந்ததில் அக்கா அம்மாவோடு போய்விட்டாள். பேத்திக்கு ஒரு துணை வேண்டுமே என்று பாட்டி இந்தப் பையனைக் கடிதம் எழுதச் சொல்கிறாள். பெயர்? செய்தித்தாளில் கணித ஒலிம்பியாடில் வென்ற ஒரு சிறுவனின் பெயர் இருக்கிறது: நாம் டோசான். அந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறார்கள். மரத்தில் மாட்டிய பறவைக் கூடுதான் அஞ்சல் பெட்டி.

ஜிபியோங் ஊரை விட்டுப் போகும்போது அந்தப் பாட்டி அவனிடம் பேசுவதைக் கவனித்தாயா? நன்றாக வாழ்ந்தால் என்னைத் தேடி வராதே, கஷ்டம் வந்தால் வா, மழையில் போக இடமில்லாமல் நின்றால் வா என்கிறாள். நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கண்ணில் தூசு என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கதை இன்னும் கதாநாயகனை நம் கண்ணில் காட்டியே முடிக்கவில்லை. அதற்குள் நம் மனத்தில் இருந்த இடத்தை எல்லாம் வேறொருவனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது. பசி, மழை, பாட்டி, கடிதம் எல்லாம் ஜிபியோங் பேரில் பதிவாகிவிட்டன. 15 ஆண்டுகள் கழித்து உண்மையான டோசான் வந்து நிற்கும்போது அவன் கையில் இருப்பது பெயர் மட்டும்தான். அதுவும் இரவல் போய்த் திரும்பி வந்த பெயர்.

அவனுடைய குடும்பப் பெயர் 'நாம்'. தமிழ்க் காதுக்கு ஒரு காதலனுக்கு இதைவிட நல்ல பெயர் அமையாது. ஆனால் டல்மியும் அவனும் சேர்ந்து 'நாம்' என்று சொல்லிக்கொள்ளும்படி என்ன நடந்தது என்று யோசித்தால் கை விரல்கள் மிச்சமாகின்றன.

நீ உடனே சண்டைக்கு வருவாய் என்று தெரியும். பொறு. டோசானின் காதலை நான் சந்தேகிக்கவில்லை. தொழில் ஓடாமல், பெற்றோர் முகத்தில் விழிக்க முடியாமல் கிடக்கும் நேரத்தில், தன் பெயருக்கு ஒரு பெண் எழுதிய கடிதங்கள் அவன் கைக்கு வருகின்றன. அவற்றைப் படிக்கிறான். ஒலிம்பியாடில் அடுத்தவன் விடையைப் பார்த்து எழுதிய குற்றவுணர்ச்சியை மனத்தில் புதைத்து வைத்திருப்பவன் அவன். அப்படிப்பட்டவனை ஒருத்தி இத்தனை உயரத்தில் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால், அந்த உயரத்துக்கு எப்படியாவது ஏறிவிட வேண்டும் என்று தோன்றாதா? தோன்றும். அவன் கோட்டு சூட்டோடு அவள் காத்திருக்கும் விருந்துக்குப் போய் நிற்பது எனக்கு முழுக்க முழுக்கப் புரிகிறது. எனக்கு நம்ப முடியாமல் போனது டல்மியின் காதல்தான். அவள் இவனிடம் எதைக் கண்டாள் என்பதைத் தொடர் நமக்குக் காட்டவே இல்லை.

பாதித் தொடர் வரை அவள் காதலிப்பது கடிதம் எழுதியவனை. அது டோசான் இல்லை என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆகவே அவள் டோசானைப் பார்த்து முகம் மலரும் ஒவ்வொரு தடவையும் நம் மனம் திரையின் ஓரத்தில் நிற்கும் ஜிபியோங்கிடம் போகிறது. இயக்குநரும் சும்மா இருப்பதில்லை, கேமராவை அவன் பக்கம் திருப்பி அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக் காட்டுகிறார். காதல் காட்சி இருவருக்கு, வலி மூன்றாமவனுக்கு. பார்ப்பவன் எப்போதும் வலிக்கிறவன் பக்கம்தான் சாய்வான்.

இதில் ஒரு குறும்பு வேறு. ஹேக்கத்தான் என்ற மென்பொருள் போட்டியில் டோசானின் குழு செய்வது என்ன? போலிக் கையெழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்! டோசானே அடுத்தவன் எழுதிய கடிதத்தின்மேல் நின்றுகொண்டு கையெழுத்து மோசடியைப் பிடிக்க இயந்திரம் செய்கிறான். எழுதியவர் தெரிந்துதான் வைத்திருப்பார். அந்த முரணைக் காதலுக்குள் இன்னும் ஆழமாக இறக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இப்போது ஒரு பழைய கதை. உன்னிடம் சொன்னதில்லை.

கல்லூரி விடுதியில் என் அறைத் தோழனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண் கடிதம் எழுதினாள். இவனுக்குப் பதில் எழுத வராது. கையெழுத்தும் கோழி கிளறியதுபோல் இருக்கும். என்னிடம் வந்து நின்றான். நான் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, நான்கு கடிதங்கள். மழையைப் பற்றி எழுதினேன், நிலவைப் பற்றி எழுதினேன், அந்த வயதில் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டினேன். அவளிடமிருந்து அழகான, அளவான பதில்கள் வந்தன. ஐந்தாவது கடிதத்துக்கு நான் ஊரில் இல்லை. தேர்வு முடிந்து போய்விட்டேன். அவனே உட்கார்ந்து எழுதியிருக்கிறான். முதல் வரியிலேயே உண்மையைச் சொல்லிவிட்டான்: இதற்கு முன் வந்தவை நான் எழுதியவை அல்ல. அதன்பின் ஒரு பக்கம் முழுக்க, தன் சைக்கிள் சங்கிலி கழன்றதையும் அதைச் சரிசெய்யப் பட்ட பாட்டையும் எழுதியிருந்தானாம். பக்கத்துக்குப் பத்துப் பிழை. அந்தப் பெண் ஒரு வாரம் பதில் போடவில்லை. பிறகு ஏழு பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. முதல் பக்கம் முழுக்கத் திட்டு, மீதி ஆறு பக்கமும் பேச்சு. என் நான்கு கடிதங்களுக்கும் சேர்த்து அவள் ஏழு பக்கம் எழுதியதில்லை.

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. சரி, அது கிடக்கட்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜிபியோங் கட்சிக்காரர்கள் சொல்வதுபோல, கடிதம் எழுதியவனுக்கே பெண் சொந்தம் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்க எனக்குத் தகுதியும் இல்லை. கடிதத்தை எழுதிவிட்டு 15 ஆண்டுகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவன் ஜிபியோங். நம் அகப்பாட்டுகளில் பாதிப் பேச்சைத் தோழிதான் பேசுகிறாள். அதனால் தலைவன் தோழியை மணந்துகொள்ள வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. டல்மி டோசானைத் தேர்ந்தெடுக்கலாம். தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் என் தோழனின் ஐந்தாவது கடிதம்போல ஒன்று டோசானுக்கு வேண்டும். கடிதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவன் மட்டுமே செய்யக்கூடியது, அவளுக்கு மட்டுமே அருமை தெரிவது, பிழைகள் மலிந்தது, அப்படி ஏதாவது ஒன்று.

தொடர் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அவனுடைய பெரிய கைகள் தனக்குப் பிடிக்கும் என்று அவள் சொல்கிறாள். கைகளா! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் கம்பளி பின்னுகிறவன் வேறு. பெரிய கைகள், மெல்லிய ஊசி, ஒரு கூச்ச சுபாவி. இதை வைத்து ஒரு நல்ல எழுத்தாளர் எத்தனை காட்சி எழுதலாம்! உண்மை வெளிப்பட்டு, கடிதம் என்ற ஊன்றுகோல் பறிபோனபின், அவள் அவனை முதல் முறையாகப் புதிதாகப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்கு இரண்டு மூன்று எபிசோடாவது கொடுத்திருக்க வேண்டும். இவர்களோ நிறுவனம், முதலீடு, முதலீட்டாளர்கள் முன் செய்துகாட்டும் டெமோ டே என்று ஓடுகிறார்கள். இடையில் ஒரு முத்தம், பின்னணியில் ஒரு பாட்டு. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. பாட்டு காரணமாகிவிடுமா?

கண்பார்வை மங்கிவரும் பாட்டிக்காகச் செயலி செய்கிறானே, அது காதல் இல்லையா என்று நீ கேட்பாய். அது நல்ல கேள்விதான். பார்வையற்றவர்களுக்கு எதிரே இருப்பதைப் படித்துச் சொல்லும் அந்தச் செயலி இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த பொருள். ஆனால் பாட்டி என்றதும் மறுபடியும் யார் நினைவுக்கு வருகிறான்? பாட்டி அருகில் உட்காரும்போதெல்லாம் பதினேழு வயதுப் பையனாகிவிடும் அந்த ஜிபியோங்தான். டோசான் எங்கே கை வைத்தாலும் அங்கே முன்பே ஒருவன் கால் பதித்திருக்கிறான். பாவம் அந்தப் பையன்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை என்று நான் நினைப்பது அந்த மூன்று ஆண்டுகள். டோசான் அமெரிக்காவுக்குப் போகிறான். 'மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு' என்று ஆகிவிடுகிறது. திரும்பி வருகிறான், கொஞ்சம் தயங்குகிறார்கள், நிறுவனத்துக்கு ஓர் ஆபத்து வருகிறது, சேர்ந்துவிடுகிறார்கள். பாப்பா, நீ போயும் மூன்று ஆண்டுகளாகின்றன. மூன்று ஆண்டுகள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நீ வீட்டுக்கு வந்த அன்று மின்விசிறி சுவிட்ச் எது என்று தேடினாய். நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதைப்போல ஒரு சுவிட்சைக்கூட அந்த இருவரும் தேடவில்லை. அதே மூன்று ஆண்டுகளும் ஜிபியோங் டல்மிக்கும் பாட்டிக்கும் பக்கத்திலேயே இருந்திருக்கிறான். அந்த ஆண்டுகள் அவர்களுக்குள் என்ன செய்தன என்பதையும் காட்டவில்லை. இரண்டு காதலர்களுக்கும் சேர்த்து அநியாயம் செய்த ஒரே வரி அது.

நீ போன ஆண்டு பார்க்கவைத்த 'ரிப்ளை 1988'-ஐ நினைத்துப் பார். அதிலும் இதே பஞ்சாயத்துதான். டொக்சுன் கடைசியில் டேக்கை மணக்கிறாள். ஜுங்ஹ்வானுக்காக எத்தனை பேர் அழுதார்கள்! நானும் முதலில் அவன் பக்கம். பேருந்து நெரிசலில் அவளுக்கு அரணாகக் கை ஊன்றி நிற்பவனை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது டேக் முதலிலிருந்தே அங்கே இருந்தான். விளையாட்டுப் பலகைக்கு வெளியே ஒன்றும் தெரியாத அந்தப் பையனைச் சீனாவுக்குப் போட்டிக்குப் போன இடத்திலும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நாம் கவனிக்கத் தவறியிருந்தோம், அவ்வளவுதான். அதைவிட, தோற்றவனே தான் ஏன் தோற்றான் என்று சொல்கிறான். ஜுங்ஹ்வான் டொக்சுனைத் தேடிக் காரில் போகும்போது சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகக் குறுக்கே நிற்கின்றன. போய்ச் சேரும்போது டேக் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு முன்னால் வந்து நிற்கிறான். குற்றம் விளக்குகள்மேல் இல்லை, தன் தயக்கத்தின்மேல்தான் என்று இவன் உணர்ந்துகொள்கிறான். அந்த ஒரு காட்சிக்குப் பிறகு எனக்கு வழக்கு முடிந்துவிட்டது. மனசு வலித்தது, ஆனால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டேன்.

'ஸ்டார்ட்-அப்'பில் எனக்குக் கிடைக்காதது அந்தத் தீர்ப்பு. அவள் டோசானைத் தேர்ந்தெடுத்தாள் என்ற செய்தி கிடைத்தது. காரணம் கிடைக்கவில்லை. நடிகர்கள்மேல் எனக்குக் குறையில்லை. டல்மியாக வரும் சுசி கண்ணால் பேசுகிறாள், டோசானாக வரும் நாம் ஜூஹ்யுக் உடம்பெல்லாம் கூச்சமாக நிற்கிறான். ஜிபியோங்காக வரும் கிம் சொன்ஹோவைப் பற்றி இந்த வீட்டில் நான் ஒரு வார்த்தை பேச முடியாது. 2021-இல் அவன் கதாநாயகனாக வந்த அடுத்த தொடரை உன் அம்மா தொடங்கிவிட்டாள், "இப்போதாவது அவனுக்கு ஒரு நல்ல இடம் அமைந்ததே" என்று பெண் கொடுத்த மாமியார்போலப் பேசுகிறாள்.

நான் மட்டும் இன்னும் டோசானுக்காக வாதாட ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வரைபடம் இல்லாத கடற்பயணம் என்று டல்மியும் டோசானும் பேசிக்கொள்ளும் இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். உன் கட்சிக்கு அதுதான் பெரிய பலம் என்று எனக்குப் படுகிறது. வேறு காட்சி எதுவும் நான் தவறவிட்டிருந்தால், எத்தனையாவது எபிசோடில், எந்த நிமிடத்தில் என்று குறித்து அனுப்பு. போனில் வேண்டாம், எழுதி அனுப்பு. பிழை இருந்தால் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: அந்த அறைத் தோழன் யார் என்று அம்மாவிடம் கேட்காதே. கேட்டால் அவளுக்கு நான் எழுதிய கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மழை, நிலவு என்று எண்ணத் தொடங்கிவிடுவாள்.