ராஜாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது

அன்புள்ள ராஜாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் மருமகளும் குட்டியும் நலமா? சர்க்கரை பார்த்தாயா? சாப்பிடுவதற்கு முன் ஒரு தரம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தரம் ரத்தம் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கும் 48 வயதில்தான் கண்டுபிடித்தார்கள். உனக்கு இப்போது அதே வயது.

மூன்று மாதமாக உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். அதைக் கேட்பதற்காக நான் எழுதவில்லை. ஆரணியிலிருந்து உன் தங்கை ஞாயிறுதோறும் வந்து போகிறாள். போன மாதம் என்னை உயிர்வாழ் சான்று கொடுக்க அழைத்துப் போனாள். பென்ஷன் என் பெயருக்கு மாறிய பிறகு வந்த முதல் நவம்பர் அல்லவா! கைரேகை இயந்திரம் என் கட்டைவிரலை ஒப்புக்கொள்ளவே இல்லை. பாத்திரம் துலக்கியே தேய்ந்த விரல். ஐந்தாவது தடவைதான் நான் உயிரோடு இருப்பதைச் சர்க்கார் நம்பியது.

தையில் அப்பாவுக்குத் தலைத்திவசம். தேதியை உன் தங்கை அனுப்புவாள். பங்காளிகள் நீ வருகிறாயா என்று கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்கழி பிறக்கும் இரவில் அப்பா தூங்க மாட்டார், உனக்கு நினைவிருக்கும். பாகிஸ்தான் சண்டையில் 1971 டிசம்பர் 15 இரவை அவர் எத்தனை முறை சொன்னாலும் பசந்தர் ஆற்றின் குளிரில்தான் தொடங்குவார். பின்னால் பூனா ஹார்ஸ் டாங்கிகள் காத்து நிற்க, முன்னால் அப்பாவோடு மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்காரர்கள், அவர் சொல்லும் 'தம்பிகள்', கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்களாம். குப்புறப் படுத்துக் கம்பியைச் சாய்த்துத்தான் மண்ணில் குத்த வேண்டும். நேராகக் குத்தினால் கண்ணியின் தலையில் படும், சாய்த்தால் விலாவில் படும் என்று கத்திரிக்காய் நறுக்கும் கத்தியை வைத்தே உனக்குச் செய்து காட்டுவார். சுத்தம் செய்த வழிக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா. வழி முழுவதும் திறப்பதற்குள் டாங்கிகள் உள்ளே புகுந்துவிட்டன. அவற்றில் ஒன்றில் போனவர் அருண் கேத்ரபால். 21 வயது, அப்பாவுக்கும் அப்போது அதே வயது. மறுநாள் சண்டையில் அவர் போய்விட்டார். பரம் வீர் சக்கரம் கொடுத்தார்கள். அப்பாவுக்குப் பஸ்சிமி ஸ்டார் பதக்கம். அது மேற்கு முனையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்ததுதான் என்று அவரே சொல்லிவிடுவார்.

நீ நடை பழகிய பிறகு லீவில் வந்தவர், கொல்லைக் கிணற்றுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் குச்சி நட்டு வெள்ளை நாடா கட்டினார். "நாடாவுக்குள்ளேயே நட, ராஜா." தெருவே சிரித்தது. அவர் ரயிலேறிய பிறகு நான் அதை அவிழ்த்துப் பாவாடைக்குக் கோத்துக்கொண்டேன்.

1985இல் பெட்டியோடு வந்து இறங்கியவர் ஒரு மாதம்கூட உட்காரவில்லை. வங்கிக் காவல் வேலை, இரவுப் பணி. நீ படித்து முடிக்கும் வரை அந்த இரவுப் பணியை அவர் மாற்றிக் கேட்கவில்லை. நீயும் நன்றாகத்தான் படித்தாய், அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் பால் தெளித்த ஈரம் காய்வதற்குள் விமானம் ஏறிவிட்டாய். பதினாறாம் நாள் காரியத்தை மாப்பிள்ளை நின்று செய்தார். குறையாகச் சொல்லவில்லை. பந்தல் ஓரத்தில் உன் சித்தப்பாவிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. "பெரிய பாப்பா போனபோது வராத மனுஷன்" என்றாய்.

ராஜா, அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

1983இல் அவர் 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரியில் இருந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் உன் பெரியப்பா நிலத் தகராறுக்காக, தாய்க்குச் சீரியஸ், உடனே புறப்படு என்று தந்தி கொடுத்து அவரை வரவழைத்தார். வந்து பார்த்தால் பாட்டி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய் அதிகாரி முன்னால் தலைகுனிந்து நின்றாராம். "இனி இந்த வீட்டிலிருந்து தந்தி வந்தால் அது நிஜமாக இருக்க வேண்டும்" என்று எனக்கு எழுதினார். பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு கண்ட அன்று தபாலாபீஸ் வரை போனேன். படிவம்கூட வாங்கினேன். நாளைக்கே நின்றுவிட்டால் இதுவும் பொய்த் தந்தி ஆகிவிடுமே என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. தந்தி அதற்கு மறுநாள் போயிற்று.

அப்பா ஏன் வரவில்லை என்று நீ கேட்டாய். ஆறு வயது உனக்கு. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னவள் நான். பத்தாம் நாள் அவர் வந்து சேர்ந்ததும், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அதையே அவரிடமும் கேட்டாய். அவர் என் முகத்தைப் பார்த்தார். "லீவு கிடைக்கவில்லை ராஜா" என்றார். இரவு என்னிடம், "என்மேல் கோபமாக இருந்தால் இருக்கட்டும். நான் வருஷத்தில் பத்து மாதம் அவன் கண்ணில் படுவதில்லை. நீ தினமும் அவனுக்குச் சோறு போட வேண்டியவள்" என்றார்.

2013 ஜூலையில் தந்தியையே நிறுத்துகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. சத்தமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேப்பரை மடித்து வைத்தார். அப்போதாவது உனக்கு நான் சொல்லியிருக்கலாம். நீ என்னிடம் பிரியமாக இருந்தாய். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

போன வாரம் உன் தங்கை கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஸ்டாரைச் சுற்றியிருந்த துணிக்கு அடியில் அந்தத் தந்தி இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். முத்திரை மங்கிவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் தேதி தெரியும். பாப்பா போன தேதி உனக்குத் தெரியும்.

சர்க்கரை பார். சாப்பிடுவதற்கு முன் ஒரு தரம்.

அம்மா